ஓடாத ஓட்டத்தின் முடிவு

செப்டம்பர் 2, செவ்வாய்

ஆல்டர்டனுக்கு வந்து இன்றோடு பதினொரு நாள். ஓஹையோ மாநிலத்தின் சின்ன ஊர். மகள் கோமதி இங்குள்ள கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறாள். காலை ஆறரைக்கு 14 டிகிரி. பாளையங்கோட்டையில் இந்தக் குளிருக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டுவிடுவார்கள்.

என் மனைவி பேச்சி அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ஆறே முக்காலுக்குக் கல்லூரி ஓடுதளத்துக்குப் போய்விடுகிறாள். பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள். மைதானத்தைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டாள். எட்டுச் சுற்று நடக்கிறாள். கடைசிச் சுற்றின் நேர்பகுதியை மட்டும் ஓடுகிறாள். அறுபத்தாறு வயதில் இது தேவையா என்று கேட்டேன்.

“ஒங்களயா ஓடச் சொல்லுதேன்? உக்காந்து பாத்துக்கிட்டு இரிங்க. அதுதான ஒங்க வேல.”

முப்பத்தேழு வருடம் அதுதான் என் வேலை. ஒரு நாளிதழின் திருநெல்வேலி அலுவலகத்தில் விளையாட்டு நிருபர்.

செப்டம்பர் 4, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது, சம்பளமில்லாமல். கல்லூரியின் பழைய உடற்பயிற்சிக் கூடத்துக்கு இது நூறாவது வருடம். புதுப்பித்து அக்டோபர் 18 அன்று திறக்கிறார்கள். தாழ்வாரத்தின் ஒரு பக்கம் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரலாற்றைச் சொல்லும் பலகைகள் வரும். எதிர்ப்பக்கம் இந்தக் கல்லூரியின் சாதனைப் பட்டியல். பழைய செய்தித்தாள்களைப் படித்துத் தேதி சரிபார்க்க ஆள் வேண்டுமாம். கோமதி என்னைச் சொல்லிவிட்டாள்.

ஆவணக் காப்பாளர் மார்த்தா, ஐம்பது வயதிருக்கும். ஆவுடையப்பன் என்ற என் பெயரை மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு “மிஸ்டர் அப்பன்” என்று முடித்துக்கொண்டார். வீட்டில் சொன்னதும் பேச்சி சிரித்தாள். “அமெரிக்காவுக்கே அப்பன் ஆயிட்டிய.”

செப்டம்பர் 6, சனி

பலகைகளின் முதல் வரைவைப் படித்தேன். இந்த நாட்டில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டி 1852இல் ஒரு ஏரியில் நடந்த படகுப் போட்டி. செலவை ஏற்றது ஒரு ரயில் கம்பெனி. கூட்டம் வந்தால் டிக்கெட் விற்கும் என்ற கணக்கு. ஆக, முதல் நாளே விளம்பரதாரர் வந்துவிட்டார்.

1905இல் கால்பந்து ஆட்டங்களில் ஒரே பருவத்தில் பதினெட்டுப் பேர் செத்திருக்கிறார்கள். இவர்கள் கால்பந்து என்று சொல்வது கையில் பந்தை வைத்துக்கொண்டு மோதுவது. ஜனாதிபதியே கல்லூரிக்காரர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அந்த வருடக் கடைசியில் அறுபத்திரண்டு கல்லூரிகள் கூடிப் பேசின. அடுத்த வருடம் பிறந்த சங்கம்தான் இன்றும் கல்லூரி விளையாட்டை ஆள்கிறது. ஆளைக் காப்பாற்ற வந்த சங்கம், பிறகு டெலிவிஷன் உரிமை, உதவித்தொகை, விதிமீறல் என்று எங்கெங்கோ போய், கோர்ட்டில் தோற்று, இந்த ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேராகப் பணம் தரலாம் என்பதில் வந்து நிற்கிறது. ஆல்டர்டன் போன்ற சின்னக் கல்லூரிகள் மூன்றாம் பிரிவு. இங்கே விளையாட்டுக்கென்று ஒரு காசு உதவித்தொகை கிடையாது. வியர்வைதான் மிச்சம் என்றாள் கோமதி.

இரண்டு தேதிப் பிழைகள் இருந்தன. திருத்தினேன். பொழுது நன்றாகப் போயிற்று.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. தோசை மாவு பொங்கவில்லை. ஓவன் அடுப்புக்குள் விளக்கை எரியவிட்டு மாவை உள்ளே வைக்கலாம் என்று கோமதி சொன்னாள். பேச்சி நம்பவில்லை. மாலையில் பொங்கி வழிந்தது. துடைத்தது நான்.

செப்டம்பர் 11, வியாழன்

ஓடுதளத்தில் பேச்சிக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறார். லொரெய்ன் ஹூபர், எழுபத்தொரு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் அதே நேரத்துக்கு நடக்க வருகிறார். பேச்சியின் ஆங்கிலம் விசில் மாதிரி, சின்னதுதான், ஆனால் மைதானம் முழுக்கக் கேட்கும். இருவருக்கும் அது போதுமாயிருக்கிறது.

“அந்தம்மா ஓடுன காலு” என்றாள் பேச்சி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. “வளைவுல தோள இறக்குதாங்க. நடக்கவங்களுக்கு அது வராது. கேட்டேன். நானூத்து நாப்பது கஜமாம், இந்தக் காலேஜுக்கு. எழுவத்தி நாலுல மாநில அளவுல மொத ஆளா வந்திருக்காங்க.”

“அப்படியா? சாதனைப் பட்டியலில் பார்க்கிறேன்.”

“இருக்காதுன்னாங்க. மறுநா பேப்பர்ல வேற பேரு வந்துட்டாம்.” கத்தியைக் கீழே வைத்தாள். “எல்லா ஊர்லயும் ஒங்க ஆளுங்க ஒரே மாரிதான்.”

அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது. பேச்சு அதோடு நின்றது.

செப்டம்பர் 15, திங்கள்

பட்டியலைப் பார்த்தேன். ஆண்கள் பகுதி 1911இல் தொடங்குகிறது. பெண்கள் பகுதி 1982இல். 400 மீட்டர்: 58.71 வினாடி, 2009. அதற்கு முன் பெண்கள் ஓடவே இல்லையா என்று மார்த்தாவிடம் கேட்டேன்.

ஓடினார்கள். ஆனால் ஆண்களின் சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உடற்கல்வி ஆசிரியைகளே 1971இல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கி நடத்தினார்கள். அடுத்த வருடம், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் கூடாது என்று முப்பத்தேழு சொல்லில் ஒரு சட்டம் வந்தது. பெண்கள் விளையாட்டு வளர்ந்தது. வளர்ந்ததும் பெரிய சங்கம் தானும் பெண்களுக்குப் போட்டி வைத்தது. ஆசிரியைகளின் சங்கம் 1982இல் மூடப்பட்டது. அவர்கள் காலத்து முடிவுகள் பல கல்லூரிகளில் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

விளையாட்டுத் துறை இயக்குநர் டேல் நல்ல மனிதர். எதையும் எழுத்தில் பார்க்காமல் நம்பாதவர். அதைக் குறை சொல்ல என்னால் முடியாது. 1974இன் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதும், “ஆதாரம் கொண்டுவாருங்கள், பேசலாம்” என்றார். பட்டியல் அச்சகத்துக்குப் போவது அக்டோபர் 3, வெள்ளி. அதற்குள் வந்தால் பெயர் ஏறும். இல்லாவிட்டால் பித்தளையில் அடித்த பலகையை இன்னொரு முறை அடிக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 17, புதன்

ஆதாரம் கிடைத்தது, எதிராக. இந்த ஊர் நாளிதழின் 1974 மே 12 ஞாயிறு இதழ், மைக்ரோஃபிலிமில். முந்தின நாள் இதே கல்லூரி மைதானத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் மாநிலக் கல்லூரிகளின் போட்டி. ஆண்களுக்கு ஒன்றரைப் பத்தி. கடைசியில் மூன்று வரி: பெண்களும் ஓடினார்கள், 440 கஜத்தில் ஹாப்கின்ஸ், வாக்னர், டயஸ் ஆகியோர் முதல் மூன்று இடங்களைப் பெற்றனர்.

ஹூபர் பெயர் இல்லை. மூன்றாவதாகக்கூட இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அன்றைய போட்டியின் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல், பட்டமளிப்பு அழைப்பிதழ்களுக்கு நடுவே இருந்தது. பெண்கள் 440 கஜம், மாலை 5.15. முதல் தடம் ஹாப்கின்ஸ். இரண்டாம் தடம் வாக்னர். மூன்றாம் தடம் டயஸ். நான்காம் தடத்தில் வேறொரு கல்லூரிப் பெண். ஐந்தாம் தடம் ஹூபர்.

நிரலையும் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆண்கள் முடிவுகளில் ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது, பத்தில் ஒரு வினாடி வரை. பெண்கள் முடிவில் நேரமே இல்லை. பெயர்கள் தட வரிசைப்படி, ஒன்று, இரண்டு, மூன்று.

அந்த நிருபர் ஐந்தேகாலுக்கு மைதானத்தில் இல்லை. ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கம் சீக்கிரம் முடியும். நிரலைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 20, சனி

முற்றத்தில் இலை வாரினேன். பதினான்கு மூட்டை.

செப்டம்பர் 24, புதன்

பேச்சியோடு நானும் ஓடுதளத்துக்குப் போனேன். லொரெய்ன் உயரமானவர், நரைத்த குட்டை முடி. 1974ஐப் பற்றிக் கேட்டதும் நடையை நிறுத்தவில்லை. நடந்துகொண்டே சொன்னார். கடைசி வளைவில் நான்காவதாக இருந்தார். நேர்பகுதியில் மூவரையும் தாண்டினார். ஆசிரியை மிஸ் கிளார்க் கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்: 58.3.

மறுநாள் காலை அப்பா பத்திரிகையைப் பிரித்தாராம். பிரித்து, படித்து, மடித்து வைத்தாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். “நான் பொய் சொன்னதாக நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது” என்றார்.

வருடக் கடைசியில் ஆண்களுக்குக் கம்பளியில் வெட்டிய ‘A’ எழுத்து கொடுப்பார்கள். கல்லூரியின் முதல் எழுத்து. அதை மேலங்கியில் தைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றலாம். கல்லூரிக்காக ஓடியவன் என்பதற்கு அதுதான் அடையாளம். பெண்களுக்கு அது கிடையாது. மிஸ் கிளார்க் கைப்பட எழுதிய ஒரு அட்டை கொடுத்தார்.

பேச்சி பக்கத்தில் நடந்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

பத்து மணிக்குக் கூட்டம். டேல், மார்த்தா, ஆசிரியர்கள் சார்பில் கோமதி, நான். இரண்டு காகிதங்களையும் மேசையில் வைத்து விளக்கினேன்.

டேல் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நியாயமான கேள்வி கேட்டார். “வரிசை ஒத்துப்போகிறது, சரி. தற்செயலாகவும் இருக்கலாமே. ஓடாத ஓட்டத்துக்கு ஒரு நிருபர் ஏன் முடிவு எழுதுவார்?”

“மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி, யார் ஜெயிப்பார் என்று தெரிந்ததுதானே என்று நினைப்பார். பெண்கள் ஓட்டம் தப்பாக வந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்றும் நினைப்பார்” என்றேன்.

“அது உங்கள் ஊகம்.”

“இல்லை. நான் செய்திருக்கிறேன்.”

கோமதி பேனாவைக் கீழே வைத்தாள்.

சொன்னேன். 1979 பிப்ரவரி 10, சனிக்கிழமை. கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். அவர் சீக்கிரம் போக வேண்டும் என்று பரிசளிப்பை முன்னால் நடத்தி, பெண்கள் 400 மீட்டரைக் கடைசிக்குத் தள்ளினார்கள். எனக்கு ஐந்தரைக்கு மதுரை அலுவலகத்துக்கு டிரங்கால், தொலைபேசியில் செய்தியைப் படித்துக் காட்ட வேண்டும். முந்தின வருடம் ஜெயித்த ஸ்டெல்லாவின் பெயரைப் போட்டுச் செய்தியைப் படித்துவிட்டேன். ஜெயித்தது ஸ்டெல்லா இல்லை. பிறகு அந்தப் போட்டியின் சாதனைக் கையேட்டைத் தொகுத்தவர்கள் என் செய்தியைப் பார்த்துத்தான் எழுதினார்கள். இன்றும் அப்படியே இருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

டேல் பத்திரிகை நகலை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, பத்திரிகைச் செய்தியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றார். ஆனால் ஹூபர் ஜெயித்தார் என்பதற்கும் காகிதம் வேண்டும். அடுத்த வெள்ளிக்குள்.

வரும் வழியில் கோமதி காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள். “அப்பா, அன்னைக்கு ஜெயிச்சது யாருப்பா?”

சிக்னல் பச்சையாகிவிட்டது என்று சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

அவள் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்டாள். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த பேச்சி சிரிக்கத் தொடங்கி, பூரிக்கட்டையை வைத்துவிட்டு உட்கார்ந்தே சிரித்தாள்.

“ஏட்டி, ஒங்கப்பா அத ஆபீசர் முன்னால சொல்லிட்டாங்களா? என்கிட்டயே இன்னும் சரியாச் சொல்லல.”

பிறகு அவளே சொன்னாள், அன்று ஜெயித்தது தான்தான் என்று. திங்கட்கிழமை மெடலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்ததையும், மேசை முன்னால் நின்று கேட்டதையும் சொன்னாள்.

“ ‘நாங்க ஓடி முடிக்கதுக்குள்ள ஜெயிச்சது யாருன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கே, ஜோசியம் பாப்பியளோ?’ன்னு கேட்டேன். ஒங்கப்பா எந்திச்சு நிக்காங்க. ஒக்காரச் சொல்லக்கூடத் தோணல. திருத்தம் போடுதேன்னாங்க. வரல. மன்னிப்புக் கேக்க வீட்டுக்கு வந்தாங்க. காப்பி குடிச்சாங்க. ரெண்டாவது தடவையும் மன்னிப்புக் கேக்க வந்தாங்க. மூணாவது தடவ எங்கய்யா கேட்டுட்டாரு, ‘தம்பி, மன்னிப்புதான் கேக்கியளா, வேற எதுவுமா?’ன்னு.”

கோமதிக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு. அவள் பிறந்த கதையில் இப்படி ஒரு அத்தியாயம் இருப்பது அவளுக்குத் தெரியாது. திருத்தம் எழுதிக் கொடுத்தேன் என்று நான் சொன்னேன். அது உண்மை. இடமில்லை என்றார்கள். மறுபடி கேட்கவில்லை. அதுவும் உண்மை.

“அம்மா, ஒனக்குக் கோவமே வரலையா?”

“வந்துச்சு. ரயில்வேல விளையாட்டுக்காரங்களுக்கு வேல போட்டிருந்தான். அப்ளிகேஷன் பாரத்தோட பேப்பர் நறுக்கும் வைக்கணும்னு இருந்துச்சு. என் நறுக்குல ஸ்டெல்லா பேருல்லா இருக்கு? பாரத்த அனுப்பல. பொறவு டீச்சர் வேல வந்துச்சு. அது எனக்குப் பிடிச்சுது.” மாவைத் தட்டினாள். “சரி, சப்பாத்தி ஆறுது.”

ரயில்வே பாரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. நாற்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் இன்றுதான் கேட்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று தனியாக இருந்தபோது கேட்டேன்.

“சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பிய? நாலாவது தடவ மன்னிப்புக் கேட்டு வந்திருப்பிய. எங்கம்மா காப்பித்தூளுக்கு எங்க போவா?”

செப்டம்பர் 29, திங்கள்

மிஸ் கிளார்க் 1996இல் இறந்துவிட்டார். அவர் வீட்டுப் பெட்டிகள் நூலகத்தின் நிலவறையில் இருக்கின்றன. பதினெட்டுப் பெட்டி, பிரித்து அடுக்காதவை. இன்று நான்கு பார்த்தேன். நடன வகுப்புக் குறிப்புகள், முதலுதவிப் பாடம், ஹாக்கி மட்டை வாங்கிய ரசீதுகள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஐந்து பெட்டி. நாய்ப் படங்கள் நிறைய. நாயின் பெயர் ட்ராஃபி. பேச்சியும் இன்று கீழே வந்துவிட்டாள். நான் ஒரு காகிதத்தை முழுக்கப் படிக்கிறேன் என்று அவளுக்கு எரிச்சல்.

“தேதியப் பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. நாய் ஊசி போட்ட சீட்டெல்லாம் எதுக்குப் படிக்கிய?”

அக்டோபர் 1, புதன்

நான்கு பெட்டி. இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

காலை 11.20. பதினைந்தாம் பெட்டி. எடுத்தது பேச்சி.

ஊதா மையில் உருட்டிய சுழலச்சுத் தாள். நம் பள்ளிகளில் கேள்வித்தாள் அடித்த அதே மை, அதே மங்கல். மூலையில் துரு ஏறிய ஊக்கு. ஆசிரியைகளின் சங்கம் ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும் முடிவுகளைத் தட்டச்சு செய்து எல்லாக் கல்லூரிகளுக்கும் தபாலில் அனுப்பியிருக்கிறது. 1972 முதல் 1982 வரை வரிசையாக அடுக்கி நூல் கட்டியிருந்தது.

1974 மே 11. பெண்கள் 440 கஜம். 1. ஹூபர், ஆல்டர்டன், 58.3. 2. டயஸ், 59.0. 3. ஹாப்கின்ஸ், 59.6. வாக்னர் ஓடவில்லை, கணுக்கால் சுளுக்கு. கீழே மூன்று நேரக் காப்பாளர்களின் கையெழுத்து, இரண்டு வேறு கல்லூரிகளின் ஆசிரியைகள் உட்பட.

பத்திரிகையில் இரண்டாம் இடம் பெற்றவர் அன்று ஓடவே இல்லை.

பேச்சி அந்தத் தாளை என்னிடம் உடனே தரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தரம் முழுக்கப் படித்தாள். அடுத்ததுக்குப் போங்க என்று நான் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு டேலின் மேசையில் தாள்.

அக்டோபர் 6, திங்கள்

முடிவு வந்தது. பெண்கள் பட்டியல் 1972இல் தொடங்கும். பத்து வருடத் தாள்களிலிருந்து இருபத்தாறு பெயர்கள் சேர்கின்றன. அச்சகத்தில் ஒரு வாரம் அவகாசம் வாங்கியதும் டேல்தான்.

440 கஜம் என்பது 402.34 மீட்டர். ஆகவே 0.3 வினாடி கழிக்க வேண்டும், கையால் அழுத்தி எடுத்த நேரம் என்பதால் 0.14 கூட்ட வேண்டும் என்று கோமதி கணக்குப் போட்டாள். 58.14. இப்போதைய சாதனையைவிட வேகம். டேல் தலையைச் சொறிந்தார். கடைசியில் இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுவது என்று முடிவாயிற்று: 440 கஜம், கையால் எடுத்த நேரம், 58.3, 1974. ஓடிய தூரம், காட்டிய கடிகாரம், அப்படியே. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

லொரெய்னிடம் பேச்சி ஓடுதளத்தில் சொன்னாளாம். அவர் ஒரு சுற்று தனியாக நடந்துவிட்டு வந்தாராம்.

அக்டோபர் 13, திங்கள்

பட்டியலில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கும் கம்பளி எழுத்து உண்டு என்று முடிவாகியிருந்தது; விழாவில் கொடுக்க வேண்டிய அந்த எழுத்துகள் முன்கூட்டியே தபாலில் வந்துவிட்டன. லொரெய்ன் தன் ‘A’யையும் பழைய நீல மேலங்கியையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேருந்து எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரியுமாம், ஊசியில் நூல் கோக்கத் தெரியாதாம். பேச்சி சமையல் மேசையில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். இரட்டைத் தையல்.

லொரெய்ன் முறுக்கு தின்றபடி பேச்சியிடம் கேட்டார், உன்னுடைய நேரம் என்ன என்று.

“சிக்ஸ்டி ஒன் பாயிண்ட் ஃபோர்” என்றாள் பேச்சி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மண் தரை. வெறுங்கால்.”

நாற்பத்தாறு வருடத்தில் நான் அந்த நேரத்தைக் கேட்டதில்லை.

அக்டோபர் 18, சனி

விழா. நல்ல வெயில், 19 டிகிரி. முந்நூறு பேர் இருக்கும். வரலாற்றுப் பலகைகளில் பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை. எதிர்ப்பக்கம் பித்தளைப் பலகை. பெயர் வாசித்தபோது லொரெய்ன் மேலங்கியோடு மேடைக்குப் போனார். சிறிய பேச்சு. மிஸ் கிளார்க் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்கு நன்றி என்றார். அப்பாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன் என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஊர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தார். விழா முடிந்து எல்லோரும் காப்பிக்குப் போன பிறகும் அவர் பலகை முன் நின்று பெயர்களின் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆளாகத்தான் போனார்.

நாளை மறுநாள் தீபாவளி. பேச்சி அதிரசத்துக்குப் பாகு வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் பேச்சியை மேசைக்கு முன் உட்காரவைத்து, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கேள்வி கேட்டேன். எத்தனையாவது தடம்? எத்தனை பேர் ஓடினார்கள்? எத்தனை மணிக்கு?

“இதென்ன, பேட்டியா? எண்ணெய் காயுது.”

“அடுப்பை அணைத்துவிட்டு வா.”

அணைத்துவிட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இருபது நிமிடம். பிறகு எழுதினேன்:

பாளையங்கோட்டை, பிப். 10: கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியில் இன்று நடைபெற்ற மகளிர் 400 மீட்டர் ஓட்டத்தில் எஸ். பேச்சியம்மாள் 61.4 வினாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார். பரிசளிப்பு விழா முடிந்தபின் மாலை 5.50 மணிக்கு ஓட்டம் தொடங்கியது. ஆறு பேர் ஓடினர். நான்காம் தடத்தில் ஓடிய பேச்சியம்மாள், முந்நூறு மீட்டர் வரை மூன்றாவதாக இருந்து, கடைசி நேர்பகுதியில் மற்ற இருவரையும் கடந்தார். சென்ற ஆண்டின் வெற்றியாளர் ஸ்டெல்லா மூன்றாவதாக வந்தார். பரிசு மேடை பிரிக்கப்பட்டுவிட்டதால் பதக்கம் மைதானத்திலேயே வழங்கப்பட்டது.

பேச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. நாப்பத்தாறு வருசம் லேட்டு, ஆனா ஓடி முடிச்ச பொறவுதான் எழுதிருக்கிய.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “ரெண்டாவது வந்தவ எங்க?”

நான் கேட்கவில்லை. குறிப்பேட்டைப் பார்த்தேன். கேட்கவில்லைதான்.

“மொதலு இருக்கு, மூணாவது இருக்கு. ரெண்டாவது வந்தவளும் ஓடிட்டுத்தான வந்தா? கோட்டுக்கிட்ட வரைக்கும் என் தோளுக்கு நேராவே வந்தா. அவ அப்படி வெரட்டலன்னா எனக்கு அறுவத்தி ஒண்ணு வந்திருக்காது. ரெஜினா. நாகர்கோவில் பிள்ள. எழுதுங்க.”

எழுதினேன்: நாகர்கோவிலைச் சேர்ந்த ரெஜினா இரண்டாவதாக வந்தார்.

இனிஷியல் என்ன என்று கேட்டேன். அது தெரியவில்லை. ஊருக்குப் போனதும் விசாரிக்க வேண்டும். 28ஆம் தேதி விமானம்.